அணில் கடித்த கேபிளும் எட்டுக் கால் ஈஎஸ்பியும்

போன சித்திரையில் ஒரு மத்தியானம். ஆபீஸில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன்.

"கண்ணு, உன்ற மிசினு தண்ணியக் கொட்டீட்டே இருக்குது. பக்கத்து வீட்டுக்காரரு வந்து கேட்டுட்டுப் போறாரு. நான் எதை அமுத்தோணும்?"

"செவப்பு பட்டனை அமுத்தும்மா."

"அதைத்தான் அமுத்துனேன். நிக்குது, மறுபடி தானா ஓடுது."

"அப்ப மெயினை எறக்கீரும்மா."

'உன்ற மிசினு' என்று அம்மா சொல்வது, மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நான் மாட்டி வைத்த பெட்டியை. கோவையில் எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் சம்ப்பில் விழும். அங்கிருந்து ஒரு ஹெச்பி மோட்டார் மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றும். ஆயிரம் லிட்டர் டேங்க், நிரம்ப இருபத்தைந்து நிமிஷம். மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பது எங்கள் குடும்ப வழக்கம் என்பதால் ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஒரு ரிலே, டேங்க் மூடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார் என்று ஒன்றைச் சேர்த்துக் கட்டியிருந்தேன். சென்சாரிலிருந்து கீழே பெட்டிவரை இருபது மீட்டர் நாலு கோர் கேபிள். அவ்வளவு நீளத்துக்கு அது ஒழுங்காக ஓடியதே அதிர்ஷ்டம்தான்.

சாயங்காலம் மாடி ஏறிப் பார்த்தால், பைப்பை விட்டு கேபிள் வெளியே வரும் இடத்தில் நாலு கம்பியும் பளபளவென்று செம்பு தெரிய நிற்கின்றன. சுற்றிலும் பொடிப் பொடியாக பிளாஸ்டிக். கைப்பிடிச் சுவர் மேல் ஓர் அணில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அணிலைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்சார் பதில் சொல்லாவிட்டால் கடைசியாக வந்த அளவையே வைத்துக்கொள் என்று புரோகிராமில் எழுதி வைத்தது நான்தான். கேபிள் அறுந்தபோது டேங்க் பாதி. அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் பெட்டியைப் பொறுத்தவரை டேங்க் பாதிதான். அம்மா நிறுத்த நிறுத்த அது பொறுப்பாக மறுபடி மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

புதுக் கேபிள் இழுத்தால் புது அணில் வரும். வயர்லெஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். கீழ்ப் பெட்டிக்குள் ஒரு வைஃபை மாட்யூல், மேலே டேங்க் பக்கத்தில் சென்சாரோடு இன்னொன்று, நடுவில் வீட்டு ரவுட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஆடி பிறந்துவிட்டது.

கீழ்ப் பெட்டிக்கு வாங்கியது ஈஎஸ்பி-01. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சிப்பை வைத்து ஏஐ-திங்கர் என்ற ஷென்ஜென் கம்பெனி செய்த குட்டிப் பலகை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கீழே இரண்டு வரிசையாக எட்டுக் கால்கள், தலைப்பக்கம் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடு. அந்தக் கோடுதான் ஆன்டெனா. 2014-இல் இது சந்தைக்கு வரும்வரை, ஆர்டுயினோவுக்கு வைஃபை வேண்டும் என்றால் ஆர்டுயினோவின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து ஒரு ஷீல்டு வாங்க வேண்டும். இது வந்த பிறகு இருநூறு ரூபாய்க்குள் வேலை முடிகிறது. இன்றைக்கு வீடுகளில் மாட்டும் ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் சுவிட்ச் என்று எத்தனையோ பெட்டிகளைத் திறந்தால் உள்ளே இந்தச் சிப்போ இதன் தம்பியோதான் உட்கார்ந்திருக்கும்.

மாட்டினேன். ஊனோவில் 3.3 வோல்ட் என்று எழுதிய முனை இருக்கிறது, மாட்யூலுக்கும் 3.3 வோல்ட்தான் வேண்டும். பொருத்தம் பத்தும் சரி என்று கொடுத்துவிட்டேன். நீல விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. கம்ப்யூட்டர் திரையில் கோழி கிளறியது மாதிரி எழுத்துகள். மறுபடி சிமிட்டல், மறுபடி கிறுக்கல். சில சமயம் ஒழுங்காக விழித்துக்கொண்டு, நான் கேட்ட கேள்விக்கு 'ஓகே' என்றுகூடச் சொல்லும். ரவுட்டரோடு சேர் என்று சொன்ன உடனே மயங்கி விழும்.

அந்தக் கிறுக்கலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பிடித்த காரணம். இந்தச் சிப் விழித்தவுடன் தன் கிரிஸ்டல் 40 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு 115200 வேகத்தில் பேச ஆரம்பிக்கிறது. பலகையில் உண்மையில் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ். ஆகவே அது பேசும் வேகம் அந்த விகிதத்தில் குறைந்து 74880 ஆகிவிடுகிறது. திரையை அந்த வேகத்துக்கு மாற்றினால் கிறுக்கல் அப்படியே வாசகமாகி, ஏன் ரீசெட் ஆனேன் என்று மாட்யூலே சொல்லும். நான் இரண்டு நாள் கழித்துத்தான் மாற்றினேன். அதுவரை வாங்கிய சரக்கு டூப்ளிகேட் என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரக்கு நல்ல சரக்குதான். ஊனோவின் 3.3 வோல்ட் முனை தரக்கூடியது 50 மில்லிஆம்பியர். ஈஎஸ்பி முழுப் பலத்தோடு சிக்னல் அனுப்பும் கணத்தில் இழுப்பது 170 மில்லிஆம்பியருக்குப் பக்கம். குறைந்தது 500 தரும் சப்ளை வையுங்கள் என்று சிப் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது ஓடும், வாயைத் திறந்தால் வோல்டேஜ் சரிந்து விழும். மாட்யூல் வேலை செய்யவில்லை என்று யாராவது என்னிடம் வந்தால் இப்போதெல்லாம் முதலில் சப்ளை எங்கிருந்து என்றுதான் கேட்கிறேன். வயர்லெஸ்ஸில் வரும் தகராறில் பாதி வயரில்தான் இருக்கிறது.

5 வோல்ட் சார்ஜரிலிருந்து தனியாக ஒரு கம்பி இழுத்து, ஏஎம்எஸ்1117 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் வழியாக 3.3 ஆக்கி, மாட்யூலின் காலுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் ஸ்டார்ட்டர் பக்க வேலைக்காக வந்திருந்தார். மெயின்ஸ் கரண்ட் ஓடும் பக்கம் நான் கை வைப்பதில்லை, அது அவர் பாடு. கையில் அந்த உருளையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இது கண்டென்சருங்களா?"

"ஆமாங்கண்ணா."

"ஃபேனுக்கே ரெண்டரைதான் போடறோம். இந்தக் குட்டிக்கு நானூத்தி எழுபதா?"

நியாயமான கேள்வி. ஃபேனில் இருப்பது ஏசி கரண்ட்டுக்கானது, 440 வோல்ட் தாங்கும். இது பத்து வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் வெடிக்கும். வேலையும் வேறு. வீட்டில் எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறந்தாலும் தண்ணீர் விழுகிறதே, மோட்டார் ஓடுவதாலா, மேலே டேங்க் இருப்பதாலா என்று கேட்டேன். "டேங்க் இருக்கறதாலதான்" என்றார். இதுவும் டேங்க்தான் அண்ணா, அந்தக் குட்டி திடீரென்று குடிக்கும் கரண்ட்டை ஒரு கணம் பிடித்து வைத்துத் தரும் என்றேன். தலையாட்டினார். ஆனால் முகத்தில் ரெண்டரைதான் தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். ஊனோ பேசுவது 5 வோல்ட்டில், ஈஎஸ்பி கேட்பது 3.3-இல். ஊனோ அனுப்பும் கம்பியில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜை மூன்றில் இரண்டாக இறக்க வேண்டும். போடாமலேயே ஓடுகிறது என்று பலர் சொல்வார்கள். ஓடும், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. 115200 வேகம் ஊனோவின் சாஃப்ட்வேர் சீரியலுக்குத் தாங்காது என்பதால் 9600-க்கு இறக்கினேன்.

மேஜை மேல் எல்லாம் பிரமாதமாக ஓடியது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கொஞ்சம் இடம் இருந்ததால் அங்கேயே வைத்து மூடினேன். சிக்னல் போயே போய்விட்டது. ஸ்டார்ட்டர் பெட்டி இரும்புத் தகடு. இரும்பு டப்பாவுக்குள் ரேடியோவைப் பூட்டி வைத்துவிட்டுச் சத்தம் வரவில்லையே என்று காதை வைத்துக் கேட்ட கதை. ரவுட்டரிலிருந்து வரும் சிக்னலை மாட்யூலே டிபிஎம் கணக்கில் சொல்லும். மைனஸில் வரும் எண், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. பெட்டிக்குள் மைனஸ் 89, வெளியே எடுத்தால் மைனஸ் 64. இருபத்தைந்துதானே வித்தியாசம் என்று தோன்றும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் பலம் பத்தில் ஒன்றாகிறது, ஆக உள்ளே வந்தது வெளியே இருந்ததில் முந்நூறில் ஒரு பங்கு.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாட்டி மாற்றினேன். ஆன்டெனாக் கோடு இருக்கும் தலைப்பக்கம் பலகையை விட்டு வெளியே நீட்டியபடி, பக்கத்தில் கம்பியோ ஸ்க்ரூவோ இல்லாமல் வைக்க வேண்டும். அதையும் இரண்டாவது தடவைதான் சரியாகச் செய்தேன்.

அடுத்தது, மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஈஎஸ்பி ரீசெட் ஆனது. ஓடும்போது இல்லை, நிற்கும்போது மட்டும். ஸ்டார்ட்டரில் டொக்கென்று அடிக்கும் காண்டாக்டரின் காயில், கரண்ட் அறுபடும் கணத்தில் ஒரு உதை விடுகிறது. பக்கத்தில் ஓடும் கம்பிகள் எல்லாம் அதை வாங்கிக்கொள்கின்றன. காயிலின் இரு முனைக்கும் குறுக்கே ஸ்னப்பர் போட்டால் உதை அடங்கும். ஒரு ரெசிஸ்டரும், மெயின்ஸுக்கென்றே வரும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் சேர்ந்த சின்னச் சமாசாரம். அண்ணன்தான் போட்டார். "இது எத்தனை?" என்றார். பாயிண்ட் ஒன் என்றேன். "இப்பத்தான் நாயமா இருக்குது" என்றார்.

இப்போது மாடிக்கு வருவோம். மாடிப்படி அறையில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது பெரிய சௌகரியம். மொபைல் சார்ஜர் ஒன்று, ஈஎஸ்பி8266 வைத்த கொஞ்சம் பெரிய பலகை ஒன்று, இரண்டும் ஒரு தண்ணீர் புகாத பெட்டியில். சென்சார் பழையபடி டேங்க் மூடியில். துளைகள் எல்லாம் அடிப்பக்கம், கிளாண்டு போட்டு இறுக்கியது. மழை அதோடு நிற்கும், எறும்பு நிற்காது. முதல் பெட்டியில் பத்து நாளில் முட்டையோடு குடியேறிவிட்டது. எறும்புக்குச் சூடான இடம் என்றால் அவ்வளவு இஷ்டம். கிளாண்டு ஓட்டையில் சிலிக்கான் பசை பூசிய பிறகுதான் காலி செய்தன.

பெட்டியை டேங்குக்குத் தெற்கே, நிழல் விழும் பக்கம் மாட்டினேன். வெயில் படாது என்ற புத்திசாலித்தனம். ஒரு வாரம் நன்றாக ஓடியது, ஒரு விஷயம் தவிர. டேங்க் முக்கால் நிரம்பியதும் மேலிருந்து தகவல் நின்றுவிடும். காலையில் எல்லாரும் குளித்து முடித்து மட்டம் இறங்கியதும் தானாக வந்துவிடும். நான் முதலில் சென்சாரைச் சந்தேகப்பட்டேன். இந்த ரகச் சென்சாருக்கு ஒரு வியாதி உண்டு, இருபது சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்துவிட்டால் அளக்கத் தெரியாது. அதனால் மூடிக்கு மேல் ஒரு பைப் துண்டு வைத்து உயர்த்தினேன். பலன் இல்லை. ரவுட்டரை மாற்றி வைத்தேன், புரோகிராமை மூன்று தடவை திருத்தினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மொபைலில் சிக்னல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு டேங்க் நிழலில் உட்கார்ந்தேன். மைனஸ் 71. கொஞ்ச நேரத்தில் மைனஸ் 74. டேங்கின் வெளிப்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் தண்ணீர் நிற்கும் இடம்வரை சில்லென்று இருக்கும், அதற்கு மேல் சூடு. அந்தச் சில்லிப்பு மேலே ஏற ஏற எண் சரிந்துகொண்டே போனது. பெட்டி மாட்டியிருந்த உயரத்தைச் சில்லிப்பு தொட்டபோது மைனஸ் 86, அதோடு இணைப்பு போனது.

ரவுட்டர் வடக்குப் பக்கம், கீழ் மாடியில். பெட்டி டேங்குக்குத் தெற்கே. நடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் அப்படியே விழுங்கும். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், இரும்புப் பெட்டி செய்ததைச் செய்துவிட. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசைப் பக்கம்தான் ஓடுகிறது. அது தண்ணீர் மூலக்கூறின் தனி ராகம், அதனால்தான் சூடாகிறது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. அது தப்பு. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில். அங்கே வைத்துச் சமைத்தால் உருளைக்கிழங்கின் தோல்தான் வேகும். எப்படியோ, காலி டேங்க் வழியாக எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பெட்டி, டேங்க் நிரம்பியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் ஊமையாகிவிட்டது. இதைவிட மோசமான இடத்தை நான் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

லோரா போட்டுவிடு என்றான் நண்பன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போர்வெல் மோட்டாரை அவன் அதில்தான் ஓட்டுகிறான். வைஃபையைவிட மெதுவாகப் பேசும், ஆனால் தூரம் போகும். அலையும் நீளம் என்பதால் சுவர், மரம் எல்லாவற்றையும் நன்றாகத் தாண்டும். தோப்புக்குச் சரிதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆன்லைனில் 433, 868, 915 என்று மூன்று ரகம் கிடைக்கிறது. அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு 915-ஐ அப்படியே ஓட்டாதீர்கள். நம் நாட்டில் அது மொபைல் போன்கள் பேசும் பக்கம். இங்கே லைசென்ஸ் இல்லாமல் இதற்கு விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 2005-இல் மத்திய அரசு 867 வரை என்று அறிவித்தது, 2021-இல் 868 வரை நீட்டியது. 868 என்று விற்பதை வாங்கி, புரோகிராமில் 866 என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாவுக்கு 8.6 சென்டிமீட்டர் கம்பித் துண்டு போதும், அலை நீளத்தில் கால் பங்கு. இசட்-வேவ் ரகச் சாமான் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல். இந்தியாவுக்கான 865.2 மெகாஹெர்ட்ஸ் ரகம் தனி. வெளிநாட்டிலிருந்து மச்சான் பெட்டியில் கொண்டுவந்து தரும் ஸ்மார்ட் பூட்டு இங்கே இருக்கும் ஹப்போடு பேசாது.

எனக்கு லோரா தேவைப்படவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பெட்டியை டேங்கின் வடக்குப் பக்கம், படி அறைச் சுவரில் மாட்டினேன். டேங்க் காலியோ நிறையோ, மைனஸ் 66. மூன்று வாரம் மண்டையை உடைத்ததற்கு மருந்து இருபது நிமிஷம், ஒரு ட்ரில். வெயிலுக்கு மேலே ஒரு ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

தகவல் போகும் முறை எம்க்யூடிடி. வீட்டில் பழைய ராஸ்பெரி பை ஒன்று இதற்கான தபால் ஆபீஸ். இந்த முறையை 1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்க்கும் எங்கள் வீட்டு ஒரு அங்குலக் குழாய்க்கும் கவலை ஒன்றேதான்: அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் என்ன அர்த்தம்? அதனால்தான் அதில் 'கடைசி உயில்' என்றே ஒரு வசதி. இணைப்பு அறுந்தால் என் சார்பாக இதைச் சொல்லிவிடு என்று முன்கூட்டியே தபால் ஆபீஸில் எழுதி வைத்துவிடலாம்.

என் பழைய புரோகிராமில் தப்பாக இருந்த வரியை இப்போது திருப்பி எழுதினேன். மேலிருந்து இரண்டு நிமிஷம் தகவல் வராவிட்டால் மோட்டார் நிற்கும். தகவல் வந்துகொண்டே இருந்தாலும் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் ஓடாது. சிவப்பு பட்டனை யாராவது அமுக்கினால் அன்றைக்கு முழுக்கப் பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. பச்சை பட்டன் பெட்டியைக் கேட்காமலேயே வேலை செய்யும். இந்தக் கடைசி இரண்டும் அம்மா போட்ட கண்டிஷன்.

கரண்ட் போய் வந்தபோது ஒரு கூத்து நடந்தது. மாட்யூல் ஐந்து வினாடியில் எழுந்து ரவுட்டரைத் தேடும். ரவுட்டர் எழுந்து உட்கார இரண்டு நிமிஷம். மூன்று தடவை தேடிவிட்டு மாட்யூல் ஓய்ந்துவிட்டது, நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். கிடைக்கும்வரை தேடு என்று மாற்றினேன். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் 2.4-உம் ஒரே பெயரில் இருந்தால் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது, ஈஎஸ்பி8266-க்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் படித்த விவரமானவர்கள் ஒன்று கேட்பீர்கள் என்று தெரியும். ஈஎஸ்பியே 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் கம்ப்யூட்டர். ஊனோ 16 மெகாஹெர்ட்ஸ், 8 பிட். யானையை விட்டு எலிக்குத் தபால் கொண்டுபோகச் சொல்கிறாயே, ஊனோவைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஈஎஸ்பியிலேயே ஓட்டினால் என்ன? சரிதான். இன்று புதிதாகச் செய்தால் அப்படித்தான் செய்வேன், ஈஎஸ்பிஹோம் போட்டு ஒரு சாயங்காலத்தில் முடிப்பேன். ஆனால் ஈஎஸ்பி-01-இல் வெளியே வரும் கால்கள் கொஞ்சம். அதிலும் இரண்டு கால், சிப் விழிக்கும்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிப்பே வேறு மாதிரி விழித்துக்கொள்ளும். மோட்டார் ரிலேயை அதில் மாட்டிவிட்டுத் தூங்க என்னால் முடியாது. மூன்று வருஷமாக ஊனோ ஒருநாளும் தொங்கியதில்லை. இருக்கட்டும்.

டேங்க் நிரம்பியதும் இப்போது அம்மாவின் போனுக்குத் தகவல் வருகிறது. அம்மா அதைப் பார்ப்பதில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மாறுவதை வைத்தே "ரொம்பிருச்சு" என்று அடுப்படியிலிருந்து சொல்வார். ஐந்தாறு வினாடி கழித்துக் காண்டாக்டர் டொக்கென்று விடும்.

கழற்றிய இருபது மீட்டர் கேபிளைத் தூக்கிப் போட மனசு வராமல் சுருட்டி வைத்திருந்தேன். நல்ல கேபிள் என்று அம்மா மாடியில் துணிக்கொடியாகக் கட்டிவிட்டார். அணில் அதன் மேல்தான் ஓடுகிறது.